மர்வா இல்லத்துக்கு முதலிடம்

சாய்ந்தமருது,
2010 ஏப்ரல்.

அன்பு மகள் சுல்பிகாவுக்கு,

உனக்குப் பத்தாம் வகுப்பில் கணக்குப் படிப்பித்த நூஹு சேர் எழுதுவது. உன்மீது ஸலாம் உண்டாகட்டும். நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்குவார்கள். நான் இன்றைக்கு அதைக் கேட்கவில்லை. இதை வாசித்து முடித்த பிறகு நீயே எழுது.

நேற்றும் நீ டெலிபோன் எடுத்திருந்தாய். நான் எடுத்துக் கதைக்கவில்லை என்று கோபிக்காதே. நீ அந்த வீட்டுக் குசினிக்குள் நின்று மெதுவாகக் கதைப்பாய், மேடம் கூப்பிட்டால் பாதியில் வைத்துவிடுவாய். பாதியில் வைக்கிற விஷயம் இல்லை இது. தெற்குத் தெரு மஜீட் விடுமுறை முடிந்து குவைத்துக்குத் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். வேலையெல்லாம் முடித்துவிட்டு இருந்து வாசி.

நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஜூனில் ஒப்பந்தம் முடிந்து நீ ஊருக்கு வந்தால் உன் புள்ள நுஸ்ஹா உன்னோடு வந்து இருப்பாளா, அல்லது உன் கூடப்பிறந்த காக்கா ஷரிபுதீன் வீட்டிலேயே நின்றுவிடுவாளா என்று. அவளிடம் கேட்டுப் பதில் வாங்கிவிட்டேன். ஆனால் விடையை மட்டும் எழுதித் தருகிற பிள்ளைக்கு நான் புள்ளி போட்டதில்லை என்று உனக்குத் தெரியும். செய்த வழியையும் எழுதினால்தான் விடை விளங்கும். ஆகவே பொறுமையாக வாசி.

முதலாம் தவணை செவ்வாயோடு முடிந்தது. நுஸ்ஹா வகுப்பில் மூன்றாம் பிள்ளை. கணக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை, ஆங்கிலம்தான் கீழே இழுத்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் அதிபர் என்னை விடுவதில்லை, விழா என்றால் ஆள் அனுப்பிவிடுவார். இந்த வருஷ விளையாட்டுப் போட்டிக்கும் போனேன். மைதானத்தின் பின்பக்கம் ஆமிக்காரர்கள் நின்ற இடத்தைப் போன வருஷம் சண்டை முடிந்த பிறகு விட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதனால் முதல் தடவையாக ஓடுபாதையை முழுதாக வளைத்துப் போட முடிந்தது. காரைதீவிலிருந்து வருகிற பாக்கியராசா மாஸ்டர்தான் விளையாட்டுக்குப் பொறுப்பு. முன்பெல்லாம் பாதை மூடிவிடுவார்கள் என்று பள்ளி விட்டதும் சைக்கிளை எடுத்துவிடுவார். இப்போது பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் பிள்ளைகளோடு நிற்கிறார்.

அஞ்சல் ஓட்டத்துக்கு மர்வா இல்ல அணியில் நுஸ்ஹாவையும் எடுத்திருந்தார்கள். தெரிவுப் போட்டியன்று அவள் கையில் வந்த கோல் நழுவிக் கீழே விழுந்துவிட்டது. யார் கையிலும் விழுகிறதுதான். ஆனால் வேலியோரம் நின்ற பெடியன்கள் சும்மா இருக்கவில்லை. ஒருவன், உம்மாட கை அப்படியே புள்ளைக்கும் வந்திருக்கி என்றான். மற்றவன், அது கோல்தான்டா, தம்பி இல்ல, எடுத்துக்கிட்டு ஓடுவா பாரு என்றான். அவளோடு ஓடிய பிள்ளைகளும் சிரித்தார்கள். நுஸ்ஹாவும் சிரித்தாள். கோலை எடுத்துக்கொண்டு ஓடி, கடைசியாக வந்து சேர்ந்தாள். பாக்கியராசா மாஸ்டர் அந்தப் பெடியன்களைப் பிடித்து மைதானம் முழுக்கக் கல் பொறுக்க வைத்தார். அவர்கள் பொறுக்கிக்கொண்டும் அதையே சொல்லிச் சிரித்தார்கள்.

நான் அன்று பின்னேரம் டெலிபோனில் உன்னிடம் இதைச் சொன்னேன். நீ அழுதாய். அழுதுகொண்டு, அவளுக்கு ஒன்று சொல்லுங்கள் சேர், உனக்காகத்தான் உம்மா தம்பிட கைய விட்டேன், அதுக்காகத்தான் வாப்பாவும் என்னை விட்டாரு, அதை நினைத்தாவது என்னோடு ஒரு வார்த்தை கதை என்று சொல்லுங்கள் என்றாய். நானும் நல்லது என்று நினைத்து, அடுத்த நாள் வகுப்பு வாசலில் வைத்து அவளிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். பிறகு, இந்தச் சொல்லு உம்மா சொன்னதா, நீங்க சேர்த்துச் சொல்றீங்களா சேர் என்று கேட்டாள். ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை என்றேன். சரி சேர் என்றுவிட்டு உள்ளே போய் இருந்துவிட்டாள்.

அந்தக் கிழமையேதான் இல்ல அலங்காரத்துக்குத் தான் வருவதாகப் பெயர் கொடுத்தாள். உன் காலத்தில் மர்வா இல்லத்துக்காரர் கப்பல் செய்து கவிழ்த்தீர்களே, அதே போட்டிதான். ஒவ்வொரு இல்லமும் மைதானத்தில் ஒரு குடில் கட்டி அதற்குள் ஏதாவது ஒரு காட்சியைச் செய்து வைக்க வேண்டும், விருந்தினர் சுற்றிப் பார்த்துப் புள்ளி போடுவார்கள். இந்த முறை மர்வா இல்லம் சுனாமி வீடு செய்வது என்று தீர்மானித்தது. யாருடைய வீட்டைச் செய்வது என்று பெரிய பிள்ளைகள் கதைத்துக்கொண்டிருக்கும்போது, எங்கட வீட்டச் செய்ங்க என்று நுஸ்ஹாவே சொன்னாளாம். பொறுப்பாசிரியை இரண்டு தடவை கேட்டிருக்கிறா, உனக்கு ஒன்றும் இல்லையா புள்ள என்று. இல்ல டீச்சர், கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே என்றாளாம்.

நன்றாகத்தான் செய்தார்கள். உடைந்த சுவர், சேறு, புரண்டு கிடக்கிற அலுமாரி, நடுவில் தண்ணீர்த் தாங்கித் தூண். துணிப் பொம்மை மூன்றையும் நுஸ்ஹா வீட்டில் இருந்து தைத்துக் கொண்டு வந்தாள். தாய்ப் பொம்மைக்கு ஊதாச் சேலை கட்டியிருந்தாள். கடல் வந்த அன்று நீ என்ன நிறம் உடுத்திருந்தாய் என்று அவளுக்கு நினைவிருக்கிறது. எனக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை.

போட்டியன்று சனம் நிரம்பிவிட்டது. தேர்தல் காலம் ஆகையால் விருந்தினருக்கும் குறைவில்லை. பிரதம விருந்தினர் மர்வா குடிலுக்கு வந்ததும் அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் கதையைச் சொன்னார். தாய் ஒருத்தி இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகளோடு ஓடினா, தண்ணீர் வளைத்துப் பிடித்தது, தூணைப் பிடிக்க ஒரு கை வேண்டியிருந்தது, மகனை விட்டா, மகளைக் காப்பாற்றினா என்று. ஊர் ஐந்து வருஷமாகச் சொல்கிற கதைதான். பெண்கள் பக்கத்தில் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்கள்.

விருந்தினர் குனிந்து பார்த்துவிட்டு, இதில் பிழை இருக்கிறதே என்றார். தாயின் கையில் கட்டியிருந்தது ஆண் பிள்ளைப் பொம்மை. பெண் பிள்ளைப் பொம்மை சேற்றுக்குள் தனியே கிடந்தது. கூட நின்ற பிள்ளையொன்று, நுஸ்ஹா, மாறிக் கட்டிட்டாய்டி என்று பதறிப் போய்க் கை வைத்தது. நுஸ்ஹா அதன் கையைத் தட்டிவிட்டாள். இவள்தான் அந்தப் பிள்ளை என்று யாரோ சொல்ல, விருந்தினர் மைக்கை அவள் வாயருகில் நீட்டினார். அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன். பிழையில்ல சேர். உம்மா விட்டது என்ட கையத்தான். என்னை விட்டுட்டுத்தான் தூணப் புடிச்சா. நான் வேலிக் கம்பியில போய்ச் சிக்கினன். தம்பி உம்மாட கையிலதான் இருந்தான். புறகு வந்த தண்ணிதான் அவன இழுத்துக்கிட்டுப் போன. தண்ணி வத்தின புறகு உம்மா வந்து என்னத் தூக்கினா. சனம் அதத்தான் கண்ட.

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. மூன்று தெருவுக்குக் கேட்டிருக்கும். விருந்தினர், நல்ல தைரியமான பிள்ளை என்று சொல்லிக் கைதட்டினார். அவர் தட்டினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா. எல்லோரும் தட்டினார்கள். மர்வா இல்லத்துக்கு முதலிடம். பிள்ளைகள் அவளை மேடைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கிண்ணத்தைக் கையில் கொடுத்து, இறுக்கிப் புடி நுஸ்ஹா என்று கத்தினார்கள். அதைப் படமும் எடுத்திருக்கிறார்கள்.

ஐந்து வருஷம் இந்தத் தெரு உன்னைச் சொல்லாத சொல் இல்லை. ஆம்புளப் புள்ளய விட்ட கை என்று உன் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்களும் இருந்தார்கள். அப்துல் ஸமட் உன்னை விட்டுவிட்டு நிந்தவூரில் வேறு கலியாணம் முடித்ததும் அதைச் சொல்லித்தான். நீ ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. யாருக்காக அத்தனையையும் வாங்கிக்கொண்டு இருந்தாய் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. தன்னை விட்டது அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் போகட்டும் என்று நினைத்தாய். அவளுக்கு அப்போது ஒன்பது வயது, மகள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும்.

அப்துல் ஸமட்டின் காதுக்கும் போயிருக்கிறது. அடுத்த வெள்ளி ஜும்ஆ முடிய மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாராம். கையில் மஸ்கட் இனிப்புப் பெட்டி. காக்காவிடம், அப்ப சுல்பிகா என்ட மகனத்தான் புடிச்சிருக்கா, நான்தான் விளங்காம விட்டுட்டன் என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். நுஸ்ஹா தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தபோது அவளையும் கூப்பிட்டு, நீ உம்மாவக் கோவிக்கக் கூடாது புள்ள, அந்த நேரத்தில ஆர் எண்டாலும் அதைத்தான் செய்வாங்க என்றாராம். சீனி போதுமா வாப்பா என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். உனக்கு ஸலாம் சொல்லச் சொல்லியிருக்கிறார். சொல்லாமல் மறைப்பது சரியில்லை என்றபடியால் எழுதுகிறேன்.

பள்ளியில் பெடியன்கள் தம்பி என்று சொல்வதை விட்டுவிட்டார்கள். இப்போது அவளுக்கு வேறு பெயர். அதை நான் எழுதமாட்டேன்.

தேர்ச்சி அறிக்கை கொடுத்த அன்று அவளைக் கூப்பிட்டு இருத்தி, நீ கேட்டதைக் கேட்டேன். அதற்கு முன்னால், என் பழக்கம் உனக்குத் தெரியும்தானே, ஓர் உதாரணம் சொன்னேன். சாகாமக் குளத்தில் தண்ணீர் குறைந்த வருஷம் போடியாருக்கு இரண்டு வயல் இருந்தால் ஒன்றுக்குத்தான் வாய்க்காலைத் திறப்பார், மற்றதில் அவருக்கு வெறுப்பு என்று அர்த்தமில்லை என்றேன்.  வயலுக்குத் தெரியாது சேர் என்றாள். 

உம்மா இத்தனை காலம் ஊர்ப் பேச்சைக் கேட்டுக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தது உனக்காகத்தானே என்றேன். ஓம் சேர், தெரியும், நானும்தானே ஒண்டும் சொல்லல்ல, அவக்காகத்தான் சொல்லல்ல, பெடியன்கள் எவ்வளவு சொன்னாலும் சிரிச்சிக்கிட்டு இருந்தன், அப்படியே இருந்திருப்பன், உனக்காகத்தான் விட்டேன் எண்டு அவ சொல்லி அனுப்பாம இருந்திருந்தா என்றாள்.

ஜூனில் வந்தால் என்று கேட்டேன். அவள் சொன்னது இதுதான். வரட்டும். காசு அனுப்பிக் கட்டுவிக்கிற வீட்ட முடிக்கட்டும். பொம்புளப் புள்ளைக்கு வீடு குடுக்கிறது உம்மாட கடமை, நான் வேண்டாம் எண்டு சொல்லமாட்டன், எனக்கு வரவேண்டியதுதானே. எல்லா வீட்டிலயும் மகளுக்கு வீட்டக் குடுத்துட்டு உம்மா ஒரு அறையில இரிப்பாங்க. எங்கட வீட்டில அந்த அறை வேணாம். அதை இப்பவே கொத்தனாருக்குச் சொல்லிடச் சொல்லுங்க.

கோபத்தில் சொன்னாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். கோபம் என்றால் ஆறும். அவள் கணக்கு வாசிக்கிற குரலில் சொன்னாள்.

மகள், இவ்வளவையும் வாசித்துவிட்டு நீ ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டுவாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நீட்டாதே. ஜூனில் வா. காக்கா வீட்டில் நிற்க முடியாவிட்டால் எங்கள் வீட்டில் நில். என் மனைவி சொல்லச் சொன்னா, பின்னறையைத் துப்பரவாக்கி வைத்திருக்கிறா. வந்து அவளுக்கு விளக்கம் சொல்லப் போகாதே. தூணைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ கதைக்காதே. உனக்காக என்ற சொல் உன் வாயில் வரவே கூடாது. அவள் எதைச் சொன்னாலும், என்ட கையத்தான் நீங்க விட்ட என்று முகத்துக்கு நேரே சொன்னாலும், ஓம் புள்ள என்று மட்டும் சொல். சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே நில், எழும்பிப் போகாதே.

மகன் றுமைஸுக்காக நீ துஆக் கேட்காத தொழுகை இருக்காது. கேட்பதை நிறுத்தச் சொல்லவில்லை. இன்றைக்கு மட்டும் நுஸ்ஹாவின் பெயரை முதலில் சொல்லிக் கேள் மகள்.

உன் நலத்துக்கு இறைவனை இறைஞ்சும்,
நூஹு சேர்.