பயிற்சிக்கு வந்த டீச்சர்

தமிழழகன் அப்பாவுக்கு,

குடும்பம் நடத்திய பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி உங்களைக் கூப்பிட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதற்காகத்தானே என்னைத் தள்ளிவிட்டு இன்னொருத்தியைக் கட்டினீர்கள்.

நாற்பத்து மூன்று வயதில் நான் குழந்தை வளர்ப்புப் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது, "புள்ள பெக்காதவளுக்கு இன்னாத்துக்கு இந்தப் படிப்பு?" என்று கடைத்தெருவில் சிரித்தீர்களாம்.

பயிற்சிக்கு எலவனாசூர்கோட்டை பால்வாடிக்கு அனுப்பினார்கள். ஒரு குழந்தையை ஆறு மாதம் கவனித்து எழுத வேண்டும். நான் உங்கள் மகனைத் தேர்ந்தெடுத்தேன். உங்கள் பைக் சத்தம் கேட்டால் மேசைக்கடியில் ஒளிந்துகொள்கிறான் என்பது வரை எழுதியிருக்கிறேன்.

நேற்று நீங்கள் வந்தபோது என் முந்தானையை விடாமல் அழுதான். ஒரு வாரமாக என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறான். அப்படிக் கூப்பிட்டால் திருத்த வேண்டும் என்று பாடத்தில் இருக்கிறது.

நான் திருத்தவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகனின் டீச்சர்