மேடை ஏறாத தட்டு

என் சரோஜா அக்காவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் இதைப் படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். கடைசிக் காலத்தில் அதைத் தேடியே உனக்குப் பாதி நாள் போனது.

திங்கட்கிழமை கூட்டம். பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவில் இந்த வருஷம் யார் பேசுவது என்று முடிவு செய்யும் குழுவில் நானும் ஒருத்தன். சிரிக்காதே. எட்டாவதில் ஃபெயிலான உன் தம்பியைத் தொழில்துறைப் பிரதிநிதி என்று அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். உன்னோடு படித்த கமலா டாக்டரின் பெயரை நான் சொல்லியிருக்கிறேன். அவரும் சம்மதித்துவிட்டார். பீங்கான் பட்டறைத் தூசி ஆளின் நெஞ்சுக்குள் போய் என்ன செய்கிறது என்பதைத்தான் பேசுவாராம். அன்றைக்கு நீ பேச இருந்த அதே பேச்சு.

அந்தப் பெயர் திங்கட்கிழமை வரை நிற்குமா? உன் பெயர் நிற்கவில்லையே.

இதே விழாவில் பேச உன்னைக் கூப்பிட்ட வருஷம், பல்கலைக்கழகமே அறிவிக்கும்வரை வெளியே விடவேண்டாம் என்றார்கள். நாமும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டிருந்தோம். விருந்தாளிகளுக்குக் கொடுக்க, பேச்சாளர் பெயரை நீல எழுத்தில் போட்ட பீங்கான் தட்டுக்கு என் பட்டறைக்குத்தான் ஆர்டர். எனக்குப் பெருமை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். உன் பிரசவ ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டேன்.

"அக்கா, பேச்சு நல்லாத்தான் இருக்குது. தூசியப் பத்தின அந்த ஒரு பத்தி மட்டும் வேணாமே."

"அந்த ஒரு பத்தியச் சொல்லத்தான்டா நான் போறேன். மிச்சத்த எவரு வேணா சொல்லிட்டுப் போவாங்க."

தட்டுகளில் உன் பெயரை எழுதி, மேலே மெருகு பூசி வைத்தாயிற்று. சுடும் வரைக்கும் எழுத்தைச் சுரண்டிவிட்டு வேறு பெயர் எழுதலாம். சுட்ட பிறகு கடவுளாலும் முடியாது. சூளை நாலு பட்டறைக்குப் பொது. என் முறை மறுநாள் காலை. அதை விட்டால் அடுத்த முறை விழாவுக்குப் பிறகுதான்.

அப்போதுதான் பல்கலைக்கழக ஜீப் வந்தது. இறங்கிய ஆபீஸர் வெயிலுக்குக் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்.

"பேரு மாறுதுங்க. மந்திரி வராரு. அவரு பேரப் போட்டுடுங்க."

"டாக்டரம்மாவுக்குச் சொல்லிட்டீங்களா?"

"அது எங்க பாடு. நீங்க தட்ட மட்டும் சுடுங்க."

பேசப்போகிறவளுக்குத் தெரியாது. தட்டு சுடுகிறவனுக்குத் தெரிந்துவிட்டது. என்ன ஒரு கொடுமை அக்கா அது! சைக்கிளை எப்படி மிதித்தேன் என்றே எனக்குத் தெரியவில்லை. நீ ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தப் பெண் போகிறவரைக்கும் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் சொன்னதும் நீ எழுந்துபோய்க் கை கழுவினாய். ரொம்ப நேரம் கழுவினாய். எப்படியோ விஷயம் தெரிந்து பட்டறைக்காரர்கள் போய் அழுத்தம் கொடுத்திருக்கிறார்கள் என்று உனக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது.

ஈரக்கையோடு திரும்பி ஒன்றே ஒன்று கேட்டாய்.

"நீ எந்தப் பேரடா சுடப்போற?"

சைக்கிளைத் திருப்பினேன். அன்றைய முறைக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி முறையை மாற்றிக்கொண்டு, உன் பெயர் போட்ட தட்டை அப்படியே ஏற்றி, சூளைக்கு நெருப்பு வைத்தேன். சாயங்காலம் ஜீப் திரும்பி வந்தது.

"நெருப்பு போட்டாச்சுங்க. இப்போ தொறந்தா அத்தனையும் வெடிச்சுப் போவும்" என்றேன். அது பொய் இல்லை. ஆபீஸர் புகைபோக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜீப்பில் ஏறிப் போனார்.

மந்திரி வந்தார், பேசினார். அடுத்த தேர்தலில் அவருடைய கட்சியே ஆட்சியை விட்டுப் போய்விட்டது. பல்கலைக்கழகம் வாங்காத தட்டு மட்டும் அப்படியே இருந்தது. நீ என்ன திட்டு திட்டினாய்!

"பைத்தியக்காரா, எம் பேரு போட்ட தட்ட எவன்டா வாங்குவான்?"

திட்டிவிட்டு மொத்தத்தையும் நீயே பிரசவ வார்டுக்கு அள்ளிப் போனாய். இட்லியைத் தின்றுவிட்டு அடியில் உன் பெயரைப் பார்த்த கம்மாபுரத்துப் பெண் ஒருத்தி கேட்டாளே, நினைவிருக்கிறதா? "ஏன் டாக்டரம்மா, சீர்ப் பாத்திரத்துல பேரு வெட்டுற மாதிரி போட்டு வெச்சிருக்கீங்களே, நாங்க என்ன தூக்கிட்டா போயிடப்போறோம்?" தையல் போட்டிருக்கும்போது சிரிக்கக் கூடாது என்று அவளை அதட்டிவிட்டு, நீ வெளியே வந்து சுவரில் சாய்ந்து சிரித்தாய். தூசியைப் பற்றிய அந்தப் பத்தியை மட்டும் கடைசிவரை எந்த மேடையிலும் சொல்லாமலே போய்விட்டாய்.

இப்போது கதைக்கு வருகிறேன். நேற்று நடேசன் என் கடைக்கு வந்தான். ஊரில் பாதிப் பட்டறைக்கு லாரியில் மண் இறக்குகிறவன் அவன்தான்.

"என்னாண்ணே, பேச வைக்க ஒங்களுக்கு வேற ஆளே கெடைக்கலியா?"

"யாரு சொன்னது ஒனக்கு?"

"டீக்கடையில பேசிக்கிறாங்க."

"அப்போ சரியாத்தான் இருக்கும்."

டீக்கடையில் சொன்னதே நான்தான்.

"வெளையாடாதீங்க. அந்தம்மா பேசுனா மொதல்ல எவன் பட்டறைய ஆபீஸருங்க வந்து பாப்பாங்க? ஒங்களுதத்தான். அப்புறம் மண்ணு லாரி ஒங்க வாசல்ல நிக்கலன்னா என்னைக் கேக்காதீங்க."

"டீ வந்துடுச்சு, குடிச்சுட்டுப் போ" என்றேன். குடிக்காமலே போய்விட்டான்.

மண் நின்றால் என் பட்டறையும் நிற்கும். அதை நம்பி இருக்கிற குடும்பங்கள் உனக்குத் தெரியும். அதைவிட, அவன் சொன்னதில் ஒன்று நிஜம். என் பட்டறையிலும் தூசிதான். நீ சொன்னபடி தண்ணீர் தெளித்த பிறகே பெருக்கச் சொல்கிறேன். மூக்கில் துணி கட்டச் சொல்கிறேன். ஆனாலும் மண் சலிக்கிற கோவிந்தனின் இருமல் நிற்கவில்லை. தண்ணீர் போதாதா அக்கா? வேறு என்னதான் செய்ய வேண்டும்? உன்னைக் கேட்க முடியவில்லை. அதனால்தான் கமலா டாக்டரைக் கூப்பிடுகிறேன். ஊருக்கு நல்லது என்று பெரிய பேச்சுப் பேச எனக்கு வராது. எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்ப் பத்திரிகையில் வருகிறது. வேண்டுமென்றேதான் கொடுத்திருக்கிறேன். உன் பெயரை எடுத்தபோது, எடுத்தவர்களுக்கும் நம் இருவருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. இந்தத் தடவை எடுப்பதாக இருந்தால், இதைப் படித்த அத்தனை பேர் எதிரிலும் எடுக்கட்டும். நெருப்பு போட்டாச்சு.

வார்டில் உடைந்தது போக ஒரே ஒரு தட்டு என் கடை அலமாரியில் இருக்கிறது. கமலா டாக்டர் பேசி முடித்ததும் அதே மேடையில் அதை அவர் கையில் கொடுப்பேன். மேடையை மறுத்தார்கள் என்றால், என் பட்டறை வாசலில் மேசை போட்டு அவரைப் பேச வைப்பேன். நடேசன் மண் இறக்கும் மற்ற பட்டறைகளைப் பிறகு சொல்லட்டும். முதலில் என் தூசியைச் சொல்லட்டும். கோவிந்தனை முன்வரிசையில் உட்கார வைத்து, நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன்.

உன் பேரையே சுட்ட தம்பி,
தங்கராசு
விருத்தாசலம்