மடித்து வைத்த கடிகாரம்

13 பிப்ரவரி 1989, திங்கள்

என் மகன் எட்மண்ட் இன்று காலை கம்ப்யூட்டரைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது அநியாயம். பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது என்பதற்காக முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

பெட்டியின் முன்பக்கம் சின்ன வட்டப் பூட்டு ஒன்று உண்டு. திருப்பிவிட்டால் கீபோர்டு செத்துப்போகும். திரை மட்டும் எரியும். ஆபீசுக்காக அவன் கணக்குப் போடும் ஆன்டெனா அட்டவணைகள் பகலெல்லாம் ஓட வேண்டுமாம், நான் எதையும் தொடக் கூடாதாம்.

காரணம் என்ன? ஒரு அட்டவணைக்கு முன்பு பதினோரு நிமிஷம் ஆகும். இப்போது இருபத்தொன்பது. திரையின் அடியில் நான் வரிசையாக வைத்திருக்கும் ஐந்து சின்னப் படங்கள்தான் மெஷினை மெதுவாக்குகின்றன என்கிறான். கார்டுப் பெட்டி, கடிகாரம், கால்குலேட்டர், காலண்டர், நோட்டு.

“எத்தனை தடவை எடுத்தாலும் காலையில திரும்ப வந்து உக்காருது. டிஸ்க் பூரா உங்க குப்பை டாடி. ஞாயித்துக்கிழமை மொத்தமா துடைச்சிடறேன். கார்டும் சேர்த்துத்தான்.”

கார்டு என்று அவன் சொன்னது இந்தத் தெலுங்கு ஊரில் உள்ள நூற்று அறுபத்து மூன்று தமிழ்க் குடும்பங்களின் பெயரும் விலாசமும். வருகிற 26ஆம் தேதி, எங்கள் சபையில் காலை ஏழு மணித் தமிழ் ஆராதனையை இங்கிலீஷோடு சேர்த்துவிடலாமா என்று கமிட்டி முடிவெடுக்கிறது. “தமிழ்க்காரங்க இருபது வீடு தேறுமா?” என்று கேட்டார் செயலாளர். வீடு வீடாகத் தபால் கார்டு போட்டேன். வந்த பதில்களை டைப் அடித்தேன். அடித்து முடித்ததும் பதில்களைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டேன். யார் போடச் சொன்னது? யாரும் சொல்லவில்லை. மெஷினை நம்பினேன்.

14 பிப்ரவரி

மருமகள் ஜூடித் சமரசத்துக்கு வந்தாள். “பிளாப்பியில ஒரு காப்பி எடுத்துக் குடுன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க மாமா. முடிஞ்சுபோச்சு.”

கேட்கமாட்டேன். கேட்டால் என் படங்கள்தான் குற்றவாளி என்று ஒப்புக்கொண்டதாகும். ஒரு படம் மெஷினை மெதுவாக்காது. சுவரில் காலண்டர் மாட்டினால் ஃபேன் மெதுவாகச் சுற்றுமா?

15 பிப்ரவரி

கால் மாவுக்கட்டைப் பிரிக்க இன்னும் மூன்று வாரம். பஸ் நிற்பதற்குள் இறங்கினேன், என் தவறுதான். ஆனால் இருபத்திரண்டு படிக்கு மேலே, ஜன்னலில் ஏ.எஸ்.ராவ் நகர் பஸ் திரும்புவதை மட்டும் பார்த்துக்கொண்டு எத்தனை நாள்? அந்தப் பெட்டி ஒன்றுதான் எனக்கு வாசலாக இருந்தது. அதற்கும் பூட்டு.

எட்மண்டுக்கு டிகிரி இருக்கிறது. எனக்கு டிப்ளமாகூட இல்லை. முப்பத்தொரு வருஷம் டெஸ்டிங் செக்‌ஷனில் இருந்தேன், ஃபோர்மேனாக முடித்தேன். புத்தகத்தை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கற்றேன். மெஷினைப் போட்டதும் அந்த ஐந்தும் தானாக வந்து அடியில் உட்காரும்படி ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். அந்த வரி எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது.

சொல்லமாட்டேன்.

16 பிப்ரவரி

ஹப்சிகுடாவிலிருந்து அப்துல் ரஹீம் வந்திருந்தார். என் பக்கத்து பெஞ்சில் பதினெட்டு வருஷம் இருந்தவர், வாணியம்பாடிக்காரர். பூட்டைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். “கொர்னேலியஸ் சாப், உங்களுக்கே கீபோர்டு பூட்டா? கைக்கு?” ஏன் என்பதை அவர் உருதுவில்தான் கேட்பார்.

சொன்னேன். எதையும் மூடாமல் அடியில் மடித்து வைப்பது என் பழக்கம் என்றும் சொன்னேன். ‘மடிப்பது’ என் சொல். திறந்த ஜன்னலைச் சின்னப் படமாக ஆக்கி வைப்பது. அவர் உடனே பிடித்துக்கொண்டார். “வால்வ் செட்டு மாதிரியா? ஸ்டாண்ட்பையிலயே போட்டு வைப்பீங்களே, யாரும் ஆஃப் பண்ணக் கூடாதுன்னு கத்துவீங்களே.”

ஆமாம். வால்வு மீட்டரை அணைத்தால் மறுபடி சூடாக அரை மணி ஆகும். சூடாகாமல் எடுத்த ரீடிங் தப்பு. நாற்பது பேருக்கு நான் சொல்லிக்கொடுத்தது அது.

எழுந்து போகும்போது சொன்னார்: “ஆனா சாப், ஸ்டாண்ட்பையில இருந்தாலும் அது கரண்ட்டு குடிச்சிட்டுதானே இருக்கும்?”

காபி ஆறிவிட்டது என்றேன்.

17 பிப்ரவரி, வெள்ளி

பகலெல்லாம் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வேறென்ன செய்ய. அடியிலிருந்த கடிகாரப் படத்தில் மணி பத்து. சாப்பிட்டுவிட்டு ஊன்றுகோலோடு திரும்பி வந்தேன். ஒன்று இருபது.

படத்துக்கு எப்படி மணி தெரியும்?

கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தேன். நகக்கண் அளவுதான் அந்தப் படம், ஆனால் முள் நகர்கிறது. டிஸ்க்கின் சிவப்பு விளக்கும் ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கிறது. நகர்ந்தால் அது படமில்லை. மடித்து வைத்தேன், மூடவில்லை. ஐந்தும் மெமரிக்குள் உயிரோடு உட்கார்ந்து இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. இடம் போதாமல் அவன் கணக்கு மெமரிக்கும் டிஸ்க்குக்குமாக ஓடுகிறது.

கொர்னேலியஸ், நீ என்னடா பண்ணி வச்சிருக்க.

18 பிப்ரவரி

சொன்னால், குற்றம் என்னுடையதுதான் என்று பட்டியல் போய்விடும். சொல்லாவிட்டாலும் போய்விடும்.

19 பிப்ரவரி, ஞாயிறு

அவர்கள் ஆராதனை முடிந்து வந்ததும் எட்மண்ட் நேராகப் பெட்டியிடம் போனான். சாவியைத் திருப்பினான். துடைப்பதற்கு முன் மூன்று அட்டவணை ஓட்டு, நேரம் நான் குறிக்கிறேன் என்றேன்.

“இது உங்க டெஸ்டிங் செக்‌ஷன் இல்ல டாடி.”

“டெஸ்ட் பண்ணாம ஒரு பீஸைத் தள்ளுபடி பண்ண உனக்கு எந்த காலேஜ்ல சொல்லிக்குடுத்தான்?”

ஜூடித் உள்ளேயிருந்து, “ஓட்டித்தான் பாருங்களேன். நீங்க சண்டை போடுற நேரத்துக்கு நாலு ஓடியிருக்கும்,” என்றாள்.

முதலாவது, ஐந்தும் அடியில் இருக்க: இருபத்தொன்பது நிமிஷம்.

இரண்டாவதுக்கு முன் அவனை நகரச் சொன்னேன். நான் எழுதிய வரியைத் திறந்து, அவன் கண் முன்னால் அழித்தேன். மெஷினை அணைத்துப் போட்டேன். அடியில் எதுவும் வரவில்லை. “இதுதானா?” என்றான். திரையைப் பார்த்தபடி ஆமாம் என்றேன். பதினோரு நிமிஷம். விளக்கு எப்போதாவதுதான் மினுக்கியது. கார்டுகள் டிஸ்க்கில்தான் இருந்தன.

மூன்றாவதுக்கு, அதே கார்டுகளை இருபது வேறு பெயர்களில் நகல் எடுத்து டிஸ்க்கில் நிரப்பினேன். பதினோரு நிமிஷம், நாலு வினாடி.

எட்மண்ட் நான் நேரம் குறித்த தாளை வாங்கிப் பார்த்தான். பிறகு, “அப்ப டிஸ்க்குல இருக்கிறது ஒண்ணும் பண்ணல. கார்டு இருக்கட்டும்,” என்றான். தாளைத் திருப்பிக் கொடுத்து, “மெதுவாக்கினது யாரு டாடி?”

“கடிகாரம்,” என்றேன்.

ஜூடித் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

22 பிப்ரவரி

பட்டியலை அச்சடிக்கும்போது பிரிண்டர் இரண்டு முறை காகிதத்தைத் தின்றது. எட்மண்ட் ஆபீசுக்குத் தாமதமாகப் போனான்.

25 பிப்ரவரி, சனி

பட்டியலை ஜூடித்திடம் கொடுத்து அனுப்பலாம் என்றிருந்தேன். எட்மண்ட்தான், “நீங்களே வந்து குடுங்க டாடி, செயலாளர் இருபதுன்னு சொன்னது உங்ககிட்டதானே,” என்றான். ஆகவே நாளைக்கு:

எட்மண்டும் கீழ்வீட்டு வேணுகோபாலும் ஆறு மணிக்கு என்னை நாற்காலியோடு படியிறக்க வேண்டும். எட்மண்ட் கீழ்ப்பக்கம், பாரம் அங்கேதான். ஆட்டோ ஆறேகாலுக்கு வாசலில் நிற்க வேண்டும், அதையும் அவன் சொல்லி வைக்க வேண்டும்.

ஜூடித் மூன்று நகலையும் பாலித்தீன் உறையில் போட்டுத் தன் கையில் வைத்திருக்க வேண்டும். பிளாப்பியில் எடுத்த காப்பி அவள் பீரோவில் இருக்கட்டும்.

செயலாளர் பெயர்களை எண்ண வேண்டும். நம் முன்னால், சத்தமாக.

அப்துல் ரஹீமுக்கு ஒரு கார்டு போட வேண்டும். கரண்ட்டு குடிக்கிறது என்று மட்டும் எழுதினால் போதும், புரிந்துகொள்வார். இது என் வேலை.

பூட்டுச் சாவி மேசை டிராயரில் இடதுபக்கம் இருக்க வேண்டும். யார் சட்டைப்பையிலும் இருக்கக் கூடாது.

கொர்னேலியஸ்: மெஷினை விட்டு எழும்போது ஒவ்வொன்றையும் மூட வேண்டும். மடிக்கக் கூடாது. கடிகாரத்தையும்தான். மணி பார்க்கக் கையில் ஒன்று கட்டியிருக்கிறது.