சோளக்காட்டுப் பெண்ணின் கேள்வி

என் தேனு,

உன்னிடம் சொல்ல வேண்டியவை நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகின்றன. வகுப்பில் உன் இடத்தில் இன்னும் யாரும் உட்காரவில்லை. இந்தக் கடிதம் பள்ளி ஆண்டு மலரில் வரப்போகிறது. மற்றவர்களும் படிப்பார்கள், படிக்கட்டும். உனக்குத்தான் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. ஆண்டு விழாவில் நம் நாடகம் உண்டு.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்னால், ஐரோப்பாவிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து மெக்சிகோவுக்குச் சக்கரவர்த்தி ஆக்கினார்கள். அவருக்காகச் சண்டை போட ஆஸ்திரியாவிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் இளைஞர்கள் தாமாகவே பெயர் கொடுத்துக் கப்பலேறினார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தால் அங்கேயே நிலம் தருவதாக அவர்களுக்கு வாக்கு. கடைசியில் எல்லாம் சரிந்து, படையைக் கலைத்து, ஊருக்குப் போகலாம் என்று சொன்ன பிறகும் சிலர் அவருடனேயே நின்றுவிட்டார்கள். நூலகத்தில் இதைப் படித்த நாள் முழுவதும் இதையே பேசிக்கொண்டிருந்தேன். அப்படி நின்றுவிட்ட ஒருவனைக் கதாநாயகனாக்கி நாடகம் எழுதினேன். அவனாக நானே நடிப்பது என்றும் முடிவு செய்துகொண்டேன்.

நீ முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தாய்.

"ராஜாவும் வெளியூரு, சோல்ஜரும் வெளியூரு. உள்ளூர் ஆளு ஒருத்தர்கூட இல்லியாடி? நம்ம சுரங்க டவுன்ஷிப்பு மாதிரியே இருக்குது."

"நான் என்ன வெளியூரா? இங்கதானே பொறந்தேன்."

"பொறந்த. லீவு வுட்டா எந்த ஊருக்குடி ஓடுற?"

அப்பாவின் சொந்த ஊர் திருநெல்வேலிக்கு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாய். "அவுங்களுக்குத் தரேன்னாங்களே நெலம், அதுல அதுக்கு முன்னாடி யாரு வேல செஞ்சிகினு இருந்தாங்க?"

புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. உனக்கு மட்டும் எப்படி அது உடனே தோன்றியது? இங்கே நிலக்கரிச் சுரங்கம் வந்தபோது நிலம் வைத்திருந்தவர்கள் நிலத்தைக் கொடுத்தார்கள். அந்த நிலத்தில் களையெடுத்துப் பிழைத்த உன் தாத்தாவிடம் கொடுப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. அதனால் அவரை யாரும் எதுவும் கேட்கவும் இல்லை. முத்தாண்டிக்குப்பம் பக்கம் போய்க் குடிசை போட்டார். இன்று என் அப்பா பர்மனென்ட், உன் அப்பா கான்ட்ராக்ட். ஒரே சுரங்கம், ஒரே ஷிப்ட்.

மறுநாளே ஒரு காட்சி எழுதி வந்தாய். படைவீரன் தனக்கு வரப்போகும் சோளக்காட்டைக் கயிறு பிடித்து அளக்கிறான். கதிர் அறுக்கும் பெண் நிமிர்ந்து கேட்கிறாள்: "நீ அளக்குற எடத்துல நான் நின்னுகினு இருக்கேன். இத உனக்குக் குடுத்துட்டா நான் எங்க நிக்கறது?" அவ்வளவுதான். அந்தப் பெண் நீதான் என்றாய்.

மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. திங்கட்கிழமை வந்துவிடுவாய் என்றுதான் இருந்தேன்.

அந்த வீரர்களில் பலர் துறைமுகப் பக்கத்திலேயே காய்ச்சல் கண்டு செத்தார்கள் என்று புத்தகத்தில் ஒரு வரி உண்டு. முன்பு அதைத் தாண்டிச் சண்டை வரும் பக்கத்துக்குப் போய்விடுவேன். இப்போது தாண்ட முடியவில்லை. நம்மைவிடச் சற்றே பெரியவர்கள், தேனு. அவர்களுடைய அம்மாக்களுக்கு யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்?

போன வாரம் சமூக அறிவியல் மிஸ் என்னைக் கூப்பிட்டார். "தேன்மொழி எழுதின அந்தக் காட்சிய விட்டுடலாம்மா. அவ இடத்துல வேற யாரும் வர வேண்டாம். நாடகத்துக்கு முன்னாடி அவ போட்டோ வச்சு, மாலை போட்டு, விளக்கேத்துவோம்" என்றார். சொல்லும்போதே அவர் கண் கலங்கியது. நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். மரத்தடிவரை நடந்த பிறகுதான் உறைத்தது. உனக்கு மரியாதை செய்வதற்காக உன்னையே எடுத்துவிடப் போகிறோம்.

உன் அம்மாவிடம் போனேன். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். குடத்தை இறக்கி வைத்துவிட்டு எல்லாம் கேட்டார்.

"மிஸ்ஸு நல்ல மனசோடதான் சொல்லியிருப்பாங்க. போட்டோதான் வூட்லயே மாட்டிகினு இருக்குதே, அதுக்கு நான் போடறேன் மாலை. இருக்கும்போது ஒரு நிமிசம் வாய மூடுனாளா அவ? அவ கேட்டத யாராச்சும் கேளுங்க கண்ணு."

மறுநாள் மிஸ்ஸிடம் அப்படியே சொன்னேன். அவர் நாடகத் தாள்களை மறுபடி எடுத்து விரித்தார். "சரி, யார் பேசுவா?"

"நான் மிஸ்."

"அப்போ உன் ஹீரோ?"

"வேற யாராவது செய்யட்டும் மிஸ்."

நம் வகுப்பு ரோஸ்லின்தான் இப்போது படைவீரன். அந்தப் பட்டாளச் சட்டை அவளுக்கு என்னைவிட எடுப்பாக இருக்கிறது, அது வேறு வயிற்றெரிச்சல்! நேற்று ஒத்திகை. அவள் கயிற்றைப் பிடித்து அளந்துகொண்டே வந்தாள். நான் நிமிர்ந்து உன் கேள்வியைக் கேட்டேன். அவள் கயிற்றோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏய் இசக்கி, இதுக்கு நான் என்னடி சொல்லணும்? எனக்கு டயலாக்கே இல்லியே."

நீ பதில் எழுதவே இல்லை. மறந்துவிட்டாயா, வேண்டுமென்றே விட்டாயா? வீட்டுக்கு வந்து நான் எழுதிப் பார்த்தேன். படைவீரனை மன்னிப்புக் கேட்க வைத்தேன், பொய்யாகப்பட்டது. மிரட்ட வைத்தேன். அதுவும் அவன் இல்லை. அவனும் ஏழை, அவனுக்கும் யாரோ வாக்குக் கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். உன்னைக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். யாரைக் கேட்பேன்?

விழாவுக்கு உன் அம்மா வருகிறார். லீவு போட முடிந்தால் உன் அப்பாவும் வருவார். என் அப்பாவும் இருப்பார்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், தேனு. அந்தப் படைவீரனுக்கு நான் பதில் எழுதித் தர மாட்டேன். கடைசி வரிசைவரை கேட்கும்படி உன் கேள்வியைக் கேட்பேன். அரங்கம் எவ்வளவு நேரம் அமைதியாக இருந்தாலும், திரை மூடும்வரை அந்தச் சோளக்காட்டை விட்டு நகர மாட்டேன்.

சில மாதம் மூத்தவளாக இருந்தும் நீ ஒருநாளும் அக்கா என்று கூப்பிடாத
உன் அக்கா,
இசக்கியம்மாள்