கிழவன் வரும் பாறை

20.11.2006, திங்கள்

காலையிலிருந்து தூறல். கூக்கால் முழுக்க மேகத்துக்குள். பூண்டுப் பாத்தியில் தண்ணீர் நிற்கிறது என்று பக்கத்து வீட்டில் புலம்பல். ஜீப்பை எடுக்கவில்லை. எடுத்து எங்கே போக?

கொடைக்கானல் லாட்ஜ் மேனேஜர் போன் செய்தார். ரூமுக்கு ரூம் ஒரு தாள் வைக்கப் போகிறாராம். எங்கே போனால் எந்த மிருகத்தைப் பார்க்கலாம் என்று நான் எழுதித் தர வேண்டும். "நீங்கதாங்க எக்ஸ்பர்ட்டு. ஒரு பேஜ் போதும். சனிக்கிழமைக்குள்ள வெரசா குடுத்துருங்க."

எக்ஸ்பர்ட்டாம். பத்து வருடமாக ஸ்டியரிங் பிடித்தேன், அவ்வளவுதான். மிருகத்தைக் கண்டுபிடித்ததெல்லாம் செல்லமுத்து. கீழ்த்தெருக்காரன். கேரட் காட்டில் தினக்கூலி, டூரிஸ்ட் வரும் நாளில் எனக்கு வழிகாட்டி. போன செவ்வாய்க்கிழமை காலை ஏரிப் பாறைக்குப் பக்கத்தில் காட்டுமாடு குத்திவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

ஆறு நாள் ஆகிறது. இன்றுதான் எழுத முடிந்தது.

வாங்க வேண்டியவை: வைப்பர் ரப்பர். சரசுவுக்கு இருமல் மருந்து. டார்ச் பேட்டரி. கல்லுப்பு.

கல்லுப்பை அடித்துவிட்டேன். கை பழக்கத்தில் எழுதிவிட்டது.

21.11, செவ்வாய்

மழை விட்டது. வெயில் இல்லை. தாளை எடுத்து உட்கார்ந்தேன்.

1. பேரிஜம். வனத்துறை அனுமதி வேண்டும். வெள்ளனே போகும் முதல் வண்டிக்குத்தான் எதுவும் கண்ணில் படும். கருமந்தி, மிளா. கடைசி வளைவில் எஞ்சினை அணைக்கவும்.

2. மன்னவனூர். எல்லாரும் ஆட்டுப் பண்ணையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். புல்வெளியின் மேல்கோடி வரை நடந்தால் பருந்து. அதிர்ஷ்டம் இருந்தால் செந்நாய்.

3. பூம்பாறை சோலை ஓரம். மலை அணில். அண்ணாந்து பார்க்காமல் முதலில் காது கொடுக்கவும். கடித்த கொட்டை இலை மேல் விழும் சத்தம் கேட்கும்.

4. கூக்கால் ஏரி.

அதோடு நின்றுவிட்டது பேனா.

மேலே எழுதிய மூன்றும் செ. சொல்லித் தந்தவை. எஞ்சினை அணைப்பது உட்பட. வாய்த்துடுக்கும் ஜாஸ்தி. ஒரு தடவை வண்டி நிறைய செண்டு வாசனையோடு ஆட்கள். என் காதோரம் வந்து, "ஜீப்புத் தொரை, இவங்கள வச்சுக்கிட்டு மிளாவக் காட்டுன்னா எப்புடிண்ணே? அது நம்மள கொடைக்கானல்லயே மோந்துருக்கும்" என்றான். சிரிப்பை அடக்க முடியாமல் நான்தான் முதலில் இருமினேன்.

சரசு விடவில்லை. "ராசம்மாவ ஒரு எட்டு பாத்துட்டு வாங்களேன். பத்து வருசம் ஒண்ணா சுத்துன மனுசன் பொண்டாட்டி. கீழ்த்தெருதான, சீமையிலயா இருக்கு?"

நாளைக்கு என்றேன். மழை என்றேன். "எங்கங்க மழை?" என்றாள்.

22.11, புதன்

சரி, எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யார் பார்க்கப் போகிறார்கள்.

மார்ச்சில் சென்னையிலிருந்து ஒரு குடும்பம். மூன்று நாள் அலைந்தோம், ஒரு வால் கூடக் கண்ணில் படவில்லை. கிளம்பும்போது அந்த ஆள் செ. முகத்துக்கு நேரே, "இருக்கு இருக்குன்னு சொல்லி ஏமாத்துற பொழப்பு" என்றார். அவன் தலையைக் குனிந்து நின்றான். எனக்கு ஆறவே இல்லை.

மறுநாள் கல்லுப்பு வாங்கினேன். ஏரிக்கு அந்தப் பக்கம் தட்டையான பாறை. அதன் மேல் இரண்டு கை அள்ளி வைத்தேன். காட்டுமாட்டுக்கு உப்பு என்றால் உயிர். மூன்றாம் நாள் குளம்புத் தடம். அந்த வாரமே மாடு. தனியாகத் திரியும் கிழட்டுக் காளை, ஒரு காது கிழிந்தது. கிழவன் என்று செ.தான் பெயர் வைத்தான். அதன் பிறகு விடிந்ததும் பாறையில் கிழவன். டூரிஸ்டுகள் செ. தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். "எப்படிங்க கரெக்டா கண்டுபிடிக்கிறீங்க?"

செ.யிடம் உப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. அது அவன் கெட்டிக்காரத்தனமாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று. என் தயாள குணத்தை நானே மெச்சிக்கொண்டேன். பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று, ஆள் வராத நாளிலும் சாயங்காலம் போய் உப்பு வைத்தேன். கிழவனுக்கு மனிதர்கள் மேல் இருந்த பயம் போய்விட்டது. வண்டியைப் பார்த்தால் ஓடாமல் நின்றான். கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பான்.

பத்தாம் தேதி தங்கச்சி பேத்திக்கு முடியிறக்க, காதுகுத்தப் பழனி போனேன். நாலு நாள் பாறையில் உப்பு இல்லை. பதினைந்தாம் தேதி ஒரு பார்ட்டி வருவதாக இருந்தது. பதினான்காம் தேதி மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கினால், விஷயம்.

ஆள் வராத நாளில் அவன் ஏன் அங்கே போனான்? தெரியவில்லை.

ஆனால் ரேஞ்சர் இதையே கேட்டபோது எனக்கு வாயில் பதில் தயாராக வந்தது. "விறகு பொறுக்கப் போயிருப்பாருங்க." எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். அந்தச் சோலையில் விறகு எடுக்கக் கூடாது. அதாவது, செத்தவனைத் திருடன் ஆக்கிவிட்டேன். உப்பு என்று சொன்னால் என் ஜீப்பைக் காட்டுப் பக்கம் விடமாட்டார்கள் என்ற பயம். வேறு காரணம் இல்லை.

23.11, வியாழன்

வைப்பர் ரப்பர் மாற்றியாயிற்று. கீழ்த்தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு வந்தேன்.

24.11, வெள்ளி

போனேன்.

ராசம்மா ஓலைப்பாயில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தது. எழுந்து, "வாங்கண்ணே, இரிங்க" என்றது. அவர்கள் இரண்டு பேரின் அப்பா அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். அந்த வீட்டில் டீக்குத் தேத்தண்ணி என்றுதான் பெயர். பால் இல்லாத தேத்தண்ணி தந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று டம்ளரையே உருட்டிக்கொண்டிருந்தேன்.

அதுவே ஆரம்பித்தது. உள்ளே போய் ஒரு துண்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த துணிமணியோடு வந்த துண்டு. நுனியில் ஒரு முடிச்சு.

"அவுத்துப் பாருங்கண்ணே."

உப்பு. ஈரம் பட்டுக் கட்டியாகிக் கிடந்தது.

"ஒங்களுக்கு அப்பவே தெரியுமா?" என்றேன்.

"அவருக்கு மொதல் வாரத்துலயே தெரியும்ணே. பாறைய நக்கிப் பாத்துட்டு வந்து சிரிச்சாரு. தொரை எனக்குப் பேரு வாங்கிக் குடுக்க உப்பு வைக்கிறாரு, நான் கண்டுக்கலன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு, நீ வாயத் தொறக்காத, மனுசன் சங்கடப்படுவாருன்னாரு."

அவிழ்த்த முடிச்சை மறுபடி கட்டினேன்.

"அன்னிக்கு விடியக்காலம் நாந்தான் உப்பு எடுத்துக் குடுத்தேன். அண்ணன் ஊர்ல இல்ல, நாளைக்கு ஆளு வருது, உப்பு இல்லாட்டி கிழவன் வராது, அண்ணன் பேரு கெட்டுப்போயிரும்னாரு. இந்தா வந்துர்றேன்னு போனாரு."

நாலு நாள் பசியோடு காத்திருந்த மாட்டின் முன்னால், உப்பு முடிந்த துண்டோடு.

அழுதேன். வெட்கமில்லாமல். ராசம்மா அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு சொன்னது: "நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பத்து நாளாப் பாத்துக்கிட்டு இருந்தேன். உப்பு வச்சத நான் குத்தம் சொல்லலண்ணே. அது ரெண்டு பேரும் சேந்து செஞ்ச கிறுக்குத்தனம். ஆனா வெறகுன்னு எழுதிக் குடுத்தீங்களே. ஒங்கப்பா வெறகு திருடப் போயிச் செத்தாராமேன்னு பள்ளிக்கூடத்துல பிள்ளைய கேக்குறாங்க. ஒரு சுள்ளி எடுத்திருப்பாரா அந்த மனுசன்? அத மட்டும் மாத்தி எழுதச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

சரி என்று சொன்னேனா, தலையாட்டினேனா, ஞாபகம் இல்லை.

25.11, சனி

நல்ல வெயில். வாளியோடு பாறைக்குப் போனேன். ஏரியில் மொண்டு மொண்டு ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்தேன். எட்டு மாத உப்பு. பாறையின் நடுவே நக்கி நக்கி வழுவழுவென்று ஒரு குழி. அங்கிருந்து பத்தடியில் புல் மிதிபட்டுக் கிடக்கிறது. அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஜீப்புக்குத் திரும்பி ஏறி உட்கார்ந்த பிறகு கிழவன் வந்தான். பாறையை மோந்தான். குழியை நக்கினான். நிமிர்ந்து என் வண்டியைப் பார்த்தான். மறுபடி நக்கினான். அவன் மேல் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. பழக்கிவிட்டது நான்.

மேனேஜர் போன். "லிஸ்ட் என்னங்க ஆச்சு?" மூன்று இடம்தான் தர முடியும் என்றேன். "என்னங்க, கூக்கால்தான உங்க ஸ்பெஷல்? கேரண்டின்னு போடலாம்னு இருந்தேன்."

கூக்காலில் ஒன்றும் இல்லை என்று போனை வைத்தேன்.

27.11, திங்கள்

ரேஞ்ச் ஆபீஸ். பதினொரு மணிக்குத்தான் ரேஞ்சர் வந்தார். முதலில் எழுதிக் கொடுத்தது பொய் என்றேன். பழைய தாளை எடுத்துப் பார்த்தார். "யோசிச்சுத்தான் பேசுறீங்களா? உங்க மேலதான் கேஸ் வரும். ஜீப் உள்ள போக முடியாது, பாத்துக்கங்க." யோசித்துத்தான் என்றேன். இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது. ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஜீப் சாவியையும் பர்மிட்டையும் மேஜை மேல் வைக்கச் சொன்னார். வைத்தேன்.

கூக்காலுக்கு மூன்றரை மணி பஸ். நேராகக் கீழ்த்தெரு.

ராசம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். மகள் இன்னும் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. நானே வாசித்தேன். 'செல்லமுத்து விறகு எடுக்கப் போகவில்லை. காட்டுமாட்டை வரவழைக்க நான் எட்டு மாதமாகப் பாறையில் உப்பு வைத்து வந்தேன். நான் ஊரில் இல்லாததால், என் வேலையைச் செய்யப் போனபோது இறந்தார்.'

அது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. அன்று அழாதது, இப்போது அழுதது.

"இரிங்கண்ணே. பிள்ள வந்துரட்டும். அது கேக்க இன்னொருக்கா வாசிங்க."

இருந்தேன். வந்ததும் வாசித்தேன்.