வெறும் குவபரா

கனசவா
அக்டோபர் 3

அன்பும் மதிப்பும் நிறைந்த குவபரா சானுக்கு,

நலமா? ஹகொதாதேயில் இதற்குள் குளிர்காய அடுப்பு மூட்டியிருப்பீர்கள். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, அல்லது அதட்ட அம்மா இல்லையென்று விட்டுவிட்டீர்களா?

ரியோஹேயும் நானும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம். நவம்பர் 12 மதியம் இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிட வேண்டுமாம். என் பக்கத்தில் நீங்கள் வந்து உட்கார வேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் உங்களைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. அம்மாவின் நிலைமையைச் சொல்ல டாக்டர் அழைத்த அன்று, உங்களைக் காட்டி, "இவர் யாரு?" என்று நர்ஸ் கேட்டாள். "குவபரா சான்" என்றேன். வெளியாளிடம் தன் வீட்டு மனிதரை யாராவது 'சான்' என்று மரியாதை போட்டுச் சொல்வார்களா? விடுதி வரவேற்பில் வேலை பார்க்கிற எனக்குத் தெரியாததா? "குடும்பத்துக்காரங்க மட்டும் உள்ள வாங்க" என்று அவள் கதவைச் சாத்திவிட்டாள். நீங்கள் வெளியே நின்றீர்கள். நானும் வாய் திறக்கவில்லை. இரண்டு வருடமாக அது என்னை அறுக்கிறது.

மினோரி

ஹகொதாதே
அக்டோபர் 9

மினோரி சானுக்கு,

கல்யாணச் செய்தியை டிராம் பணிமனையில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டேன். ரியோஹே கொடுத்துவைத்தவர்.

ஆஸ்பத்திரி விஷயத்தை மறந்துவிட்டேன் என்று எழுதி, அடித்துவிட்டேன். மறக்கவில்லை. ஆனால் உன்மேல் கோபம் இல்லை. பதினான்கு வயதுப் பெண்ணிடம் ஒருநாள் ஓர் அந்நியனைக் காட்டி, இனி இவர்தான் அப்பா என்றால் அவள் என்ன செய்வாள்?

வருகிறேன். 'அம்மாவின் கணவர்' என்று சொல்லி அறிமுகப்படுத்து. அது உண்மை, யாருக்கும் சங்கடமில்லை. கறுப்புக் கோட்டு போதுமா? முழங்கையில் கொஞ்சம் பளபளக்கிறது.

குவபரா தெத்சுஜி

கனசவா
நவம்பர் 13

அப்பாவுக்கு,

நேரில் கூப்பிட இன்னும் வெட்கமாக இருக்கிறது. காகிதத்தில் பழகிக்கொள்கிறேன்.

நேற்று பழம் பரிமாறுவதற்குள், ரயிலுக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிட்டீர்கள். ரயிலுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது! நான் சொன்னது பிடிக்கவில்லையா? ரியோஹேயின் அம்மா உங்களைப் பார்த்ததும், ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. "எங்கப்பா, குவபரா. அதிகம் பேச மாட்டாரு, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றுதான் வந்தது. சான் கீன் எதுவுமில்லை. நீங்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. உடனே எழுதுங்கள்.

மினோரி

ஹகொதாதே
நவம்பர் 16

மினோரிக்கு,

கோபமாவது ஒன்றாவது. கண் கலங்கிவிட்டது. சம்பந்தி முன்னால் அழ வேண்டாமென்று ஓடிவந்தேன். நடைமேடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், குளிரே தெரியவில்லை.

ஆனால் நான்தான் உனக்கு ஒரு துரோகம் செய்துவிட்டேன். நீ ரியோஹேயோடும் அவன் அம்மாவோடும் தோட்டம் பார்க்கப் போயிருந்தபோது அவன் அப்பா எனக்கு சாக்கே ஊற்றி, "பொண்ண எவ்வளவு அருமையா வளர்த்திருக்கீங்க!" என்றார். பன்னிரண்டு வருடமாக, யார் கேட்டாலும் உன்னைப் புகழ்ந்தே பேசியிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணை அப்படித்தானே புகழ்வோம், சொந்தப் பெண்ணையா புகழ்வோம்? அன்று வாய் தானாகத் திறந்துகொண்டது. "எங்க மினோரியா? அட நீங்க வேற! ஒழுங்கா ஒரு முட்டை பொரிக்கத் தெரியாது. பிடிவாதம் வேற. காலையில எழுப்புறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். நீங்கதான் பொறுத்துக்கணும்" என்று தலை தாழ்த்தினேன். அவருக்கு ஒரே சிரிப்பு. "எங்க வீட்டுச் சோம்பேறியப் பத்திக் கேளுங்க" என்று அவர் தன் மகனை ஆரம்பித்தார். நீங்கள் திரும்பி வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் உன்னையும் ரியோஹேயையும் தாளித்துக்கொண்டிருந்தோம். அவ்வளவு சந்தோஷமாக நான் சாக்கே குடித்ததில்லை.

மன்னித்துவிடு. கல்யாணத்தன்று எல்லார் முன்னாலும் இன்னும் மோசமாகச் சொல்வேன்.

அப்பா