ஏழு சுரமும் ஒரு ஹெட்போனும்

5 ஓகஸ்ட், செவ்வாய்
கச்சான் காற்று. முற்றமெல்லாம் உமி. அரிசி ஆலையில் அரை நாள்தான் வேலை.

கொழும்பிலிருந்து மகள் இரண்டு பதிவு அனுப்பியிருக்கிறாள். ஒரே பியானோ உருப்படி, இரண்டு தரம் வாசித்தது. சங்கீதக் கல்லூரிக்கு ஒன்றைத்தான் அனுப்பலாம். வெள்ளி கடைசி நாள். முடிவில் மேலிருந்து ஏழு சுரம் இறங்கி வருமாம், எதில் அது சுத்தம் என்று நான் சொல்ல வேண்டும். டீச்சர் இரண்டும் நல்லம் என்றாராம். வாப்பாட காதுதான் முடிவு என்கிறாள்.

எனக்கு ஏழில் இரண்டுதான் கேட்கிறது. போனோடு வந்த இயர்போன் குப்பை. நல்ல ஹெட்போன் வேண்டும்.

வாங்க: ஹெ.போ., ஆலைக்கு பெல்ட், இஞ்சி.

6, புதன்
பாலமுனையிலிருந்து கல்முனை வரை பஸ்ஸில் நின்றபடி. கடைக்காரர் தெரிந்தவர். முதலில் தந்தது பெரிய கறுப்பு ஹெ.போ. அடிச்சத்தம் நெஞ்சில் இடிக்கிறது, மேல் சுரம் இல்லவே இல்லை. லொறிக்காரருக்குச் சரி, பியானோவுக்குச் சரிவராது என்றேன். மாற்றித் தந்தார். இரண்டாவது, வெளிப்பக்கம் வலை போட்டது, இலேசு. பியானோவுக்கு இதுதான் என்றார்.

வீட்டில் போட்டுப் பார்த்தேன். அவள் மூச்சு விடுவது கேட்கிறது. விரல் கட்டையில் விழும் 'டொக்' கேட்கிறது. கடைசியில் ஏழு டொக். ஆனால் சுரம் இரண்டுதான்.

இதுவும் பழுது. யாருக்கு விற்கிறார்? மெஷின் உருளை தேய்ந்ததை ரோட்டில் நின்றே சத்தத்தை வைத்துச் சொல்பவன் நான்.

7, வியாழன்
வெயில். மறுபடி கல்முனை. கடைக்காரர் ஹெ.போ.வை வாங்கித் தன் காதில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு விரல் விட்டு எண்ணினார். ஏழு விரல்.

"ஏழும் கேக்குதே காக்கா. மணி மாதிரி இரிக்கி."

திரும்ப நான். இரண்டு. அவர் பேச்சை மாற்றி எனக்குத் தேத்தண்ணி எடுப்பித்தார். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

ஹெ.போ. பழுதில்லை. இருபத்தாறு வருடம் நெல் குத்தும் மெஷின் பக்கத்தில், காதில் பஞ்சு இல்லாமல். பஞ்சு வைத்தால் அரிசி உடைவது கேட்காது. எங்கள் ஆலையில் யாரும் வைப்பதில்லை. வைத்த ஒருவனைப் பார்த்துச் சிரித்தவனும் நான்தான்.

யா அல்லாஹ். அரிசி உடைவது கேட்கிறது, பெற்ற பிள்ளை வாசிப்பது கேட்கவில்லை.

பஸ் பாலமுனை தாண்டியது தெரியாமல் அட்டாளைச்சேனையில் போய் இறங்கினேன். வெட்கக்கேடு. திரும்பி நடந்தேன். வாயில் வந்த ஒன்றைச் சொல்லிவிடலாமா என்று வழியெல்லாம் யோசனை. பிழையானதைச் சொன்னால் அவள் வாழ்க்கை.

8, வெள்ளி
ஜும்ஆ முடிந்து வந்து, பதிவு இரண்டையும் கேட்டுச் சொல்ல முடியுமா என்று மனைவியிடம் கேட்டேன். இசை ஹராம் என்று, மகள் வாசிக்கும்போதெல்லாம் குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விடுபவள். ஏன் என்றாள். காதைப் பற்றிச் சொன்னேன். வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முக்காட்டுக்கு மேலே ஹெ.போ.வை நானே மாட்டிவிட்டேன். மும்மூன்று தரம் கேட்டாள்.

"ரெண்டாவதுல புள்ள கடைசியில தடுமாறுது. முதலாவத அனுப்பச் சொல்லுங்க."

கழற்றித் தந்துவிட்டு, நீங்கள் கேட்டதாகவே சொல்லுங்கள் என்றாள். அப்படிச் சொல்லத்தான் நினைத்து அழைத்தேன். மகள் 'ஹலோ வாப்பா' என்றதும் முடியவில்லை. முதலாவது, உம்மா கேட்டுச் சொன்னது என்றேன். எனக்கு மேல் சுரம் கேட்பதில்லை என்றேன்.



"அப்ப இவ்வளவு நாளும் 'சரி மகள், சுத்தமா இரிக்கி' எண்டு சொன்னதெல்லாம் கேக்காமலா வாப்பா?"

நான் போனை வைக்கவில்லை. அவளும் போனை வைக்கவில்லை.